பள்ளிக்கூடப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேதியியல் டீச்சரின் மடல்

தமிழில் பள்ளிக்கூடத்தை வைத்துப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், இனி எடுக்கப்போகும் இயக்குநர்களுக்கும், கதை வசனம் எழுதுபவர்களுக்கும், அந்தக் கதையை நம்பிப் பணம் போடுபவர்களுக்கும்,

வணக்கம்.

டெல்டாப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 16 வருஷமாக ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். சினிமா எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றிய படம் என்றால் முதல் வாரமே போய்விடுவேன், மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் எப்படி இருந்தது என்று கேட்பேன். பல வருஷமாக எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றேதான். "நல்லா இருந்துச்சு டீச்சர், ஆனா நம்ம ஸ்கூல் மாதிரி இல்ல." அந்த "ஆனா"வுக்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ப்ளஸ் டூ பிள்ளைகளை நடுவில் வைத்து, அந்த வயதுப் பிள்ளைகளையே நடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுங்கள். கருத்து சொல்ல வேண்டாம், யாரையும் திருத்த வேண்டாம். எங்கள் பிள்ளைகள் எவ்வளவு வேடிக்கையானவர்கள் என்பதை மட்டும் காட்டுங்கள்.

அங்கே சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு ஆடி மாதத்துக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது, ஒரு பெண் குறள் சொல்லி விளக்கமும் சொன்னாள், அடுத்தது செய்தி வாசிப்பு. அன்றைக்கு ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப் பையன் ஒருவனின் முறை. பேப்பரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தான், மைக்கைத் தட்டிப் பார்த்தான், "இன்றைய முக்கியச் செய்திகள்" என்றான், அந்த நிமிஷம் பார்த்து ஒரு காற்று அடித்துத் தாள் கையை விட்டுப் பறந்துபோய் வேப்ப மரத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் 700 பிள்ளைகள், பக்கத்தில் ஹெச்.எம். பையன் மரத்தைப் பார்க்கவே இல்லை. அதே குரலில் தொடர்ந்தான். "தமிழகத்தில் இன்று பரவலாகக் காற்று வீசும். இந்திய அணி நன்றாக விளையாடியது. முதன்மைக் கல்வி அலுவலர் இன்று நமது பள்ளிக்கு வருகை தருகிறார். செய்திகள் நிறைவடைந்தன, நன்றி, வணக்கம்."

சி.இ.ஓ. வருகிறார் என்று காதில் விழுந்ததும் அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதினோம். லேபில் உடைந்த பியூரெட்டுகள் அலமாரிக்குப் பின்னால் போயின. பி.டி. சார் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்துக் காகிதத்தை எல்லாம் பொறுக்க வைத்தார். ஹெச்.எம். அறைக்கு எங்கிருந்தோ புது மேஜைவிரிப்பு வந்தது. பதினொன்றரை மணிக்கு ஹெச்.எம். அலுவலகத்துக்கு போன் போட்டு, ஐயா எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவனைக் கூப்பிட்டு ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டார். "மூணு செய்தியாவது சொல்லணும்னு சொன்னீங்க சார், எனக்கு ரெண்டுதான் ஞாபகத்துல இருந்துச்சு" என்றான். ஹெச்.எம். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார், அப்புறம் மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இப்படி ஒரு காட்சி எந்தத் தமிழ்ப் படத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பள்ளியில் மாதத்துக்கு ஒன்றாவது நடக்கிறது.

நம் ஊரில் பள்ளிக்கூடப் படம் என்றால் பெரும்பாலும் ஆசிரியர் படம். 2012-ல் சாட்டை வந்தது, 2019-ல் ராட்சசி, 2023-ல் வாத்தி. சீரழிந்த ஒரு பள்ளிக்கு நேர்மையான ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார். சாட்டை படத்தை நானே இரண்டு முறை பார்த்தேன், அழுதும் இருக்கிறேன். அரசுப் பள்ளியைப் பற்றி அக்கறையோடு பேச அந்தப் படங்களுக்கு ஒரு தேவை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காப்பாற்றப்படுகிறார்கள். சாரையோ டீச்சரையோ அண்ணாந்து பார்க்கிறார்கள், இடைவேளைக்கு அப்புறம் திருந்துகிறார்கள், கடைசியில் கைதட்டுகிறார்கள். ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன், கேமராவை எப்போதும் எங்கள் மேஜைப் பக்கமே வைக்காதீர்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்தால் 45 தலை தெரியும், அவ்வளவுதான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான், முன்னால் இருப்பவனின் காலரில் ஒட்டிய சூயிங்கம் முதல் டீச்சர் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கை மாறிப் போகும் நெல்லிக்காய் வரை எல்லாம் தெரியும்.

இன்னொரு வகை பழைய நினைவுப் படம். நாற்பது வயதில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், பள்ளிக்கூடம் மஞ்சள் வெளிச்சத்தில் வருகிறது, முதல் காதல், பிரிவு, மழை. அதில் அருமையான படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை பெரியவர்களின் ஏக்கத்தைப் பற்றியவை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஏக்கம் கிடையாது, அடுத்த பீரியட் என்ன என்கிற கவலைதான் உண்டு.

பிள்ளைகளை நடுவில் வைத்துச் சிரிக்க வைக்க முடியும் என்று நம் ஆளே ஒருவர் காட்டிவிட்டார். பாண்டிராஜ் 2009-ல் பசங்க எடுத்தார், புதுக்கோட்டைப் பக்கத்து ஊரை வைத்து, அவருடைய முதல் படம் அது, மூன்று தேசிய விருது வாங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சண்டையை அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு பெரிதாகவே எடுத்திருந்தார், அதனால்தான் சிரிப்பு வந்தது. என் கேள்வி, அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே நின்றுவிட்டார்களா? ஏழு, எட்டு, ஒன்பது, ப்ளஸ் ஒன் என்று ஏறி வந்திருப்பார்களே. மீசை அரும்பி, குரல் உடைந்து, என்ன குரூப் எடுப்பது என்று வீட்டில் சண்டை போட்டு எங்கள் வகுப்புக்கு வந்திருப்பார்களே. அதற்கு அப்புறம் அவர்களைத் தமிழ் சினிமா நேராகக் காலேஜ் கேட்டில் பைக்கோடுதான் சந்திக்கிறது. நடுவில் இருக்கும் ஆறு வருஷம் எங்கே போனது?

பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். ராட்சசி வந்த அதே 2019 ஜூலையில் மலையாளத்தில் தண்ணீர் மத்தன் தினங்கள் வந்தது. கிரீஷ் ஏ.டி. என்ற புது இயக்குநர், தினோய் பவுலோஸுடன் சேர்ந்து எழுதியது. தண்ணீர் மத்தன் என்றால் தர்பூசணி. கதை என்று பார்த்தால் ஒரு கைப்பிடிதான். ஜெய்சன் என்று ஒரு ப்ளஸ் டூ பையன், படிப்பிலும் சுமார், கிரிக்கெட்டிலும் சுமார், கூடப் படிக்கும் கீர்த்தியைப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கு மலையாளம் நடத்த ரவி பத்மநாபன் என்று ஒரு வாத்தியார் புதிதாக வருகிறார், வினீத் சீனிவாசன் நடித்தார். பள்ளியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. ஜெய்சனுக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகவில்லை. ஏன் என்று அவனுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நம் ஊரில் படத்துக்கே ஹீரோவாக இருந்திருக்கக்கூடிய அந்த வாத்தியாரை ஒரு நடு பெஞ்ச் பையனின் எரிச்சலான கண்ணால் காட்டியதுதான். எல்லாரும் கொண்டாடும் ஒரு சாரைப் பிடிக்காமல் போகும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று உண்டு. அவனுடைய தரப்பை யாரும் கேட்டதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் என் வகுப்பில் யார் முகத்திலெல்லாம் அந்த எரிச்சல் இருக்கிறது என்று தேடினேன், இரண்டு பேரைக் கண்டுபிடித்தேன், அவர்களோடு கொஞ்சம் கூடப் பேச ஆரம்பித்தேன். ஒரு சிரிப்புப் படம் எனக்குச் செய்த காரியம் அது.

அப்புறம் வயது. ஜெய்சனாக வந்த மேத்யூ தாமஸுக்கும் கீர்த்தியாக வந்த அனஸ்வரா ராஜனுக்கும் படம் வந்தபோது 16 வயதுதான். அவர்களோடு வந்த நஸ்லன்தான் பின்னால் அதே இயக்குநரின் பிரேமலு படத்தில் கதாநாயகன். 2024-ல் அதைத் தமிழில் டப் செய்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆக ரசிகர்கள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால் மே மாத விடுமுறையில் எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்தில் நிற்க நிஜப் பிள்ளைகள் வேண்டும் என்று எங்கள் மாணவர்கள் சிலரையும் பெற்றோர் சம்மதத்தோடு கூப்பிட்டுப் போனார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, பெஞ்சுகளுக்கு வார்னிஷ், எல்லார் சட்டையும் இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல். முன் வரிசையில் ப்ளஸ் டூ மாணவராக நடித்தவருக்கு முப்பதை ஒட்டிய வயது, பாவம், காலையில் மழித்த தாடி மதியத்துக்குள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். நிஜ ப்ளஸ் டூ பிள்ளைகள் அவருக்குப் பின்னால் மங்கலாக நின்றார்கள். திரும்பி வந்து ஒருத்தன் என்னிடம் கேட்டான், "டீச்சர், அந்த அண்ணன் எத்தனாவது அட்டெம்ப்ட்?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாலு நாளில் அங்கே நடந்ததிலேயே நல்ல வசனம் அதுதான், அதைச் சொன்னவன் கேமராவுக்குள் இல்லவே இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் 2018-ல் வந்த எய்த் கிரேட் என்ற படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். போ பர்ன்ஹாம் எடுத்தது. அதில் நடித்த எல்ஸி ஃபிஷர் அப்போதுதான் நிஜமாகவே எட்டாம் வகுப்பை முடித்த பெண். முகத்தில் பரு இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பருவைப் பார்த்ததும் எனக்கு என் வகுப்பில் உள்ள பாதிப் பெண்கள் ஞாபகம் வந்தார்கள், கைக்குட்டையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்பவர்கள். நம் படங்களில் பள்ளி மாணவிக்குப் பருவே வராது. அந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிய படத்துக்கு அங்கே ஆர் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணை இல்லாமல் பார்க்க முடியாது. படத்தை வெளியிட்ட ஏ24 நிறுவனம் 2018 ஆகஸ்ட் 8 அன்று மாநிலத்துக்கு ஒரு தியேட்டரில், வயதுக் கட்டுப்பாடு பார்க்காமல் இலவசமாகக் காட்டியது. யாரைப் பற்றிய படமோ அவர்கள் பார்க்க வேண்டும் என்ற அக்கறை அது. இங்கேயும் இப்போது யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். நீங்கள் எழுத உட்காரும்போதே 13+ என்று மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கட்டும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் மடல் எழுதியதே வீண்.

சிரிப்புப் படம் வேண்டும் என்று கேட்கிறேன், ஆனால் எந்தச் சிரிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கொஞ்சம் குண்டு, நல்ல கறுப்பு, அருமையாகப் படம் வரைவான், அவனுடைய ரெக்கார்ட் நோட்டில் இருக்கும் கருவிகளின் படத்தைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டுவேன். ஒரு படத்தின் நகைச்சுவைக் காட்சியில் அவனைப் போன்ற உடம்பு உள்ள ஒருவரை ஒரு பெயர் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். படம் வெள்ளிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் அதே பெயர்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவனுடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் பின்னாலிருந்து யாராவது அந்தப் பெயரை முணுமுணுப்பார்கள், அவன் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்குள் சிரிப்பு எழும்பிவிடும். கண்டித்தேன், பெற்றோரைக் கூப்பிட்டேன், வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க அதைப் பற்றிப் பேசினேன், சத்தம் குறைந்ததே தவிர பெயர் போகவில்லை. ப்ளஸ் டூ அரையாண்டுக்கு அப்புறம் அவன் வருவதை நிறுத்திவிட்டான். நானும் வகுப்பாசிரியரும் மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தோம், பரீட்சை எழுதினான், பாஸும் ஆனான். ஆனால் கடைசி நாள் எல்லாரும் சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் யாரிடமும் வாங்கவில்லை, சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குப் போனது. அந்தப் பெயரையும் படத்தையும் இங்கே எழுதமாட்டேன், எழுதினால் இன்னொரு தடவை அவனைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் எழுதும் ஒரு வரி வெள்ளிக்கிழமை தியேட்டரில் முடிந்துபோவதில்லை, திங்கட்கிழமை எங்கள் வகுப்புக்கு வருகிறது. நிறம், உடம்பு, திக்குவாய், அம்மா செய்யும் வேலை, இவற்றை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். அதெல்லாம் இல்லாமல் சிரிப்பு கிடைக்காது என்றால் எங்கள் கரும்பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ஆசிரியர் இல்லாத பீரியடில் லீடர் பேசுபவர்கள் பெயரை எழுதுவான் இல்லையா, அது ஒரு தனி இலக்கியம். முதலில் பெயர் மட்டும். அப்புறம் பெயருக்குப் பக்கத்தில் "அதிகம்". அப்புறம் "மிக அதிகம்". அப்புறம் "அடங்கவில்லை". ஒரு தடவை நான் உள்ளே போனபோது ஒரு பெயருக்கு நேராக "மன்னிப்பு கேட்டான், மீண்டும் பேசினான்" என்று எழுதியிருந்தது. இன்னொரு நாள் லீடர் தன் பெயரையே எழுதியிருந்தான், ஏன் என்று கேட்டால், "எல்லாரையும் பேசாதீங்க பேசாதீங்கன்னு நான்தான் டீச்சர் அதிகமா பேசினேன்" என்றான். இந்த நேர்மையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

லேபுக்கும் வாங்க. பெர்மாங்கனேட் டைட்ரேஷன் என்று ஒன்று உண்டு. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஃப்ளாஸ்கில் இருக்கும் நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறும் அந்தச் சொட்டில் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுதான் வித்தியாசம். ப்ளஸ் டூ பையன் குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை தும்மும், கை நழுவும், கரைசல் அடர்த்தியாக நிறம் ஏறிவிடும். "டீச்சர், ரோஸ்மில்க் ஆயிடுச்சு!" மறுபடி முதலிலிருந்து. பொதுத்தேர்வுப் பிராக்டிகலில் வேறு பள்ளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால், அந்த 30 வினாடியில் அந்தப் பிள்ளையின் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள். துரத்தல் காட்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும், அதைவிட விறுவிறுப்பாக எடுத்துவிடலாம்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜான் ஹியூஸ் 1985-ல் எடுத்த தி பிரேக்ஃபாஸ்ட் கிளப், தண்டனைக்காகச் சனிக்கிழமை பள்ளிக்கு வரவைக்கப்பட்ட ஐந்து பிள்ளைகளின் கதை. இல்லினாய்ஸில் ஏற்கெனவே மூடிவிட்ட ஒரு பள்ளியில் எடுத்தார்கள், அந்தப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே நூலக செட்டைப் போட்டார்கள், படத்தின் பெரும்பகுதி அந்த ஓர் அறைக்குள்தான். நாற்பது வருஷம் கழித்தும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். எங்களிடம் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. மாலைப் படிப்பு முடிந்து கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ப்ளஸ் ஒன்னில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள் இருக்கின்றன. ஒரே மாதிரி 150 சைக்கிள் வரிசையாக நிற்கும், தன்னுடையது எது என்று தெரிய ஒருத்தி ரிப்பன் கட்டியிருப்பாள், ஒருத்தன் மணியைக் கழற்றி வைத்திருப்பான், நான்கு நாளில் ரிப்பன் கட்டிய சைக்கிளே முப்பது ஆகிவிடும். சாயங்காலம் நாலரை மணிக்கு யாரோ யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு போய்விட, அதைத் திருப்பி வாங்க மூன்று ஊர் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ஒரு முழுப் படத்துக்கான கதை அந்த ஸ்டாண்டிலேயே நிற்கிறது.

அந்தப் படத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சிரிப்பு வரட்டும், சிரிக்க வைக்கும் வேலையும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பள்ளிப் படங்களில் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், காற்றில் முடி பறக்கும், பையன் பார்ப்பான். நிஜத்தில் இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருக்கும், முடி பறக்காது. நிஜத்தில் என் வகுப்பில் இயற்பியல் சார் மாதிரி அச்சாகப் பேசிக் காட்டுபவள் ஒரு பெண். ஒரு நாள் அவர் லீவு என்று தெரியாமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர், சார் பாடம் நடத்துகிறார் என்று நினைத்து எட்டிப் பார்க்காமலே போய்விட்டார். அவள் ஐந்து நிமிஷம் நிஜமாகவே ஒளிவிலகல் நடத்தியிருக்கிறாள், பிள்ளைகள் குறிப்பும் எடுத்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் கூடி நின்று சிரிக்கும் சிரிப்பு பள்ளி முழுக்கக் கேட்கும், என்ன என்று பக்கத்தில் போனால் சட்டென்று நின்றுவிடும். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை எழுத உங்கள் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். டினா ஃபே 2004-ல் வந்த மீன் கேர்ள்ஸ் படத்தை எழுதியபோது, பெண் பிள்ளைகளின் கூட்டணிகளையும் பகையையும் பற்றி ரோஸலிண்ட் வைஸ்மன் பெற்றோருக்காக எழுதிய ஒரு கட்டுரை நூலை எடுத்துக்கொண்டு அதிலிருந்து கதை பண்ணினார். கற்பனை நூல்கூட இல்லை. விஷயத்தைத் தெரிந்துகொண்டு எழுதினால் சிரிப்பு தானாக வரும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

காதல் வைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அந்த வயதில் அது இருக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகளின் காதல் பெரும்பாலும் ரெக்கார்ட் நோட்டைக் கடன் வாங்குவதில் தொடங்கி, நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பேச வாய் வராமல் முடிந்துவிடும். பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போவதைக் காதல் என்று காட்டினால் அதற்கும் திங்கட்கிழமை நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் படித்த காலத்துப் பள்ளி இப்போது இல்லை. இன்னும் படங்களில் 1200-க்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள், மாநிலத்தில் முதல் மாணவியை டிவியில் காட்டுகிறார்கள். 2017-லிருந்து ரேங்க் அறிவிப்பதே கிடையாது, இப்போது மொத்தமே 600 மார்க்தான். 2018 மார்ச்சில் முதன்முதலாக ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-26லிருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள், நடுவில் எழுதிய பிள்ளைகள் தம்பி தங்கச்சிகளைப் பார்த்து விடும் பெருமூச்சு தனிக் கதை. 2021-ல் ப்ளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டு ப்ளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்த ஒருவனும், பத்தில் நன்றாக எழுதிவிட்டு அப்புறம் புத்தகத்தையே தொடாத ஒருவனும் பக்கத்துப் பக்கத்து வீடு. ரிசல்ட் வந்த அன்றைக்கு இரண்டு வீட்டிலும் எப்படி இருந்திருக்கும்? வயிறு குலுங்கச் சிரிக்கவும் முடியும், தொண்டை அடைக்கவும் செய்யும், இதைக்கூட யாரும் தொடவில்லை.

எழுத உட்காரும் முன்னால் ஒரு வாரம் பள்ளிக்கு வந்து உட்காருங்கள். எங்கள் பள்ளிக்கே வரலாம், ஹெச்.எம்.மிடமும் சி.இ.ஓ. அலுவலகத்திலும் முறையாக அனுமதி வாங்க வேண்டும், எழுதிக் கேட்டால் என்னால் முடிந்ததை நானும் செய்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் நல்ல சமயம். ப்ளஸ் ஒன் பிள்ளைகள் புதுசு, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்னும் பயம் வந்திருக்காது, இலக்கிய மன்றம், விளையாட்டுப் போட்டி எல்லாம் நடக்கும். பிராக்டிகல் நெருங்கும்போது வராதீர்கள், அவர்களைத் தொந்தரவு செய்த மாதிரி ஆகிவிடும். கேமரா இல்லாமல் வாருங்கள், கேமராவைப் பார்த்ததும் அவர்கள் சினிமாவில் பார்த்த மாணவர்கள் மாதிரி நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

செய்தி வாசித்த அந்தப் பையன் இப்போது கும்பகோணத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். இப்படி ஒரு மடல் எழுதப்போகிறேன், உன் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க டீச்சர், ஆனா மூணாவது செய்தி நான் வேணும்னே சொன்னதுன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது தானா வந்துச்சு" என்றான். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் டீச்சர்